சுவர் நல்லா விழுந்திருக்கு

"பெரிய கேமரா பொறுமையைக் கற்றுக்கொடுக்கும்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு லேசாக எரிச்சல் வருகிறது. சொல்கிறவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். நானே கொஞ்ச காலம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஒரு படத்துக்கு இருபது நிமிடம், ஒரு நாளைக்கு நாலு படம், ஷட்டரை அழுத்துவதற்கு முன் மூச்சை இழுத்து விடு, இப்படி. கேட்கவும் நன்றாக இருக்கும், சொல்லவும் கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஆனால் நான் ஏழு மாதம் பொறுமையாக இருந்தேன், எடுத்த முகங்கள் எல்லாம் மங்கலாக விழுந்தன. கடைசியில் பதினோரு தீப்பெட்டியும் ஒரு பென்சிலும் சேர்ந்து ஒரே சாயங்காலத்தில் விஷயத்தை முடித்துவைத்தன. அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது, அதனால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கேமரா நாலுக்கு ஐந்து அங்குலத் தாள் ஃபிலிம் போடுகிற பழைய மரக்கேமரா. மடக்கினால் பெட்டி, திறந்தால் துருத்தி. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான் மிச்சம், யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முன்னால் ஒரு 150 மி.மீ. லென்ஸ், முழுக்கத் திறந்தால் எஃப்/5.6 (எஃப் எண் ஏற ஏற ஒளி நுழையும் துவாரம் சிறிதாகும்). இந்த அளவு ஃபிலிமுக்கு அதுதான் கண்ணுக்குப் பழக்கமான பார்வைக்கோணம், அகலமும் இல்லை குறுகலும் இல்லை. இவ்வளவு பெரிய சாமானை எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஒரு தாளின் பரப்பு 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டத்தைப்போல சுமார் 13 மடங்கு. நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே படம் தெரியும், உருப்பெருக்கி வேண்டாம். அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் விழுந்தேன், மற்ற காரணங்கள் எல்லாம் பிறகு கற்பித்துக்கொண்டவை.

வாங்கினவுடன் செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். துருத்தியை முழுக்க நீட்டி, அறையை இருட்டாக்கி, உள்ளே டார்ச்சைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மடிப்பு மூலைகளில் நாலு இடத்தில் நட்சத்திரம் மாதிரி ஒளிப்புள்ளிகள். கறுப்புத் துணித் துணுக்குகளை ஒட்டி அடைத்தேன். ஷட்டரைச் சோதித்தேன். பழைய ஷட்டர்களில் எண்ணெய் பிசினாகிவிடுவதால் வேகமான எண்கள் தப்பித்துவிடும், மெதுவான எண்கள்தான் மாட்டிக்கொள்ளும். ஃபோனில் சத்தத்தைப் பதிவு செய்து, திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அலைவடிவத்தில் அளந்தால் தெரிந்துவிடும். என்னுடையதில் 1 வினாடி என்பது கிட்டத்தட்ட 2 வினாடி. 1/15-க்கு மேல் பரவாயில்லை. இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி லென்ஸ் பலகையின் பின்பக்கம் ஒட்டிவைத்தேன். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. அவ்வளவு கவனமாகப் பார்த்தவன் பின்னால் இருக்கும் கிரவுண்ட் கிளாஸை, அதாவது ஃபோகஸ் பார்ப்பதற்காகப் படம் விழும் கண்ணாடியை, மட்டும் துடைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். கண்ணாடியில் என்ன பார்க்க இருக்கிறது, உடையாமல் இருந்தால் போதாதா?

துடைத்தது மட்டுமில்லை, ஒரு வேலையும் செய்தேன். அந்தக் கண்ணாடியில் கட்டக்கோடுகள் இல்லை. கோடுகள் இருந்தால் அடிவானம் சாய்ந்திருக்கிறதா, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க வசதி. சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று ஸ்கேலை வைத்து, மென்மையான பென்சிலால், கண்ணாடியின் வெளிப்பக்கத்திலேயே கோடு இழுத்தேன். பென்சில் அழகாகப் பிடித்தது. ஒரு செங்குத்துக் கோடு மட்டும் ஸ்கேல் வழுக்கி மேல்முனையில் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்துவிட்டது. அழித்துவிட்டுப் போடலாம் என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். இந்தப் பத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

துணிக்குள்ளே

முதல்முறை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோது ஒன்றுமே தெரியவில்லை. எல்லோரும் படம் தலைகீழாகத் தெரியும், இடவலமும் மாறித் தெரியும் என்று எச்சரிக்கிறார்களே தவிர, முதலில் படமே தெரியாது என்பதை யாரும் சொல்வதில்லை. கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது. பிறகு நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு, ஓரங்கள் இருண்டு. மூலையைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை நகர்த்தி அந்த மூலைக்கு நேராக லென்ஸைப் பார்க்கிற மாதிரி சாய வேண்டும். அப்புறம் திடீரென்று மரம் ஒன்று தலைகீழாக அசைகிறது, அதன் இலைகள் கண்ணாடி மேலேயே முளைத்த மாதிரி. கையை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒரு ஆள் துணியைப் போர்த்திக்கொண்டு பெட்டியைத் தடவுவது தெரிந்திருக்கும்.

தலைகீழ் விஷயம் உண்மையில் பெரிய தொந்தரவு இல்லை. முகம் முகமாகத் தெரியாமல் வெளிச்சமும் நிழலுமாகத் தெரிவதால் சட்டத்துக்குள் எது கனமாக இருக்கிறது என்பது சட்டென்று புரிகிறது. இடவலம் மாறுவதுதான் பாடாய்ப் படுத்தும். கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் காட்சி அந்தப் பக்கம் ஓடும், விரட்டிக்கொண்டு போனால் இன்னும் ஓடும்.

பிறகு அந்த வரிசை. துவாரத்தை முழுக்கத் திற, ஷட்டரைத் திறந்து வை, ஃபோகஸ் செய், துவாரத்தைச் சுருக்கு, ஷட்டரை மூடு, வேகத்தை வை, ஷட்டரை முடுக்கு, ஃபிலிம் தாள் இருக்கும் ஹோல்டரைச் செருகு, அதை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடு என்ற தகட்டை இழு, எடு, ஸ்லைடைத் திரும்பப் போடு. இதில் எந்த ஒன்றை விட்டாலும் படம் போச்சு, நான் எல்லாவற்றையும் ஒருமுறையாவது விட்டிருக்கிறேன். ஷட்டரை மூடாமல் ஸ்லைடை இழுத்தது மூன்று முறை. துவாரத்தைச் சுருக்க மறந்தது இரண்டு முறை. ஒரே தாளில் இரண்டு காட்சி விழுந்தது ஒரு முறை, அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டார்க் ஸ்லைடின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே இருந்தால் புது ஃபிலிம், கறுப்பு வெளியே இருந்தால் எடுத்து முடித்தது. வழக்கம் அவ்வளவுதான், ஆனால் அதை உடம்பு கற்றுக்கொள்ளும்வரை ஃபிலிம் பெட்டி காலியாகிக்கொண்டே இருக்கும்.

இருட்டில் ஃபிலிம் போடுவது பயப்பட்ட அளவுக்கு இல்லை. தாளின் ஒரு மூலையில் விரலால் தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய சிறு வெட்டுகள் இருக்கும். தாளை நெட்டுவாக்கில் பிடித்து அந்த வெட்டுகள் மேல் வலது மூலையில் வருமாறு வைத்தால் ரசாயனப் பக்கம் உங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். வீணாய்ப் போன ஒரு தாளை வைத்து முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு இருபது தடவை பழகினால் போதும். ஹோல்டரின் ஓரங்களில் இரண்டு தடங்கள் இருக்கும், ஃபிலிம் போக வேண்டியது அடித் தடத்தில். மேல் தடம் டார்க் ஸ்லைடுக்கு. மாற்றிப் போட்டால் ஃபிலிம் இடம் மாறி ஃபோகஸ் கெடும். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் நான் பல வாரங்கள் அநியாயமாகச் சந்தேகப்பட்டது இந்தத் தடத்தைத்தான்.

அப்பாவின் படம்

முதல் இரண்டு மாதம் மரம், பாறை, வீட்டுச் சுவர் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் எஃப்/32. நாலுக்கு ஐந்தில் அது சாதாரணம், ஃபோகஸ் ஆழம் அவ்வளவு குறைவு. படங்கள் அருமையாக வந்தன என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூர்மையாக இருந்தன. மாலை வெளிச்சத்தில் லைட் மீட்டர் 10 வினாடி காட்டினால் எஃப்பி4 ஃபிலிமுக்கு 18 வினாடி கொடுக்க வேண்டும், நீண்ட நேரம் ஆக ஆக ஃபிலிம் சோம்பேறியாகிவிடும் என்பதையெல்லாம் அப்போதுதான் கற்றேன். லென்ஸைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் காலடித் தரையும் தூரத்துத் தரையும் ஒரே நேரத்தில் ஃபோகஸுக்கு வரும் வித்தையும் அப்போதுதான். தியோடர் ஷைம்ஃப்ளுக் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைச் சரிசெய்ய வழி தேடியபோது 1904-இல் இதைக் காப்புரிமையில் எழுதிவைத்தார், அவருக்கு முன்னால் 1901-இலேயே ஜூல் கார்பாந்தியே என்ற பிரெஞ்சுக்காரர் சொல்லியிருக்கிறார். பெயர் நிலைத்தது என்னவோ வாயில் நுழையாத பெயர்தான்.

அப்புறம் அப்பாவை உட்கார வைத்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலி, பின்னால் சுவர், சுவரில் மாத நாட்காட்டி. கேமராவிலிருந்து அவர் கண்ணுக்கு இரண்டு மீட்டர். வெளிச்சம் குறைவு, அதோடு பின்னணி மங்கலாக இருக்கட்டும் என்ற ஆசையும் சேர்ந்து துவாரத்தை எஃப்/5.6-இல் முழுக்கத் திறந்தேன். எச்பி5 ஃபிலிம், 1/15 வினாடி. கிரவுண்ட் கிளாஸில் லூப் என்ற சின்ன உருப்பெருக்கியை வைத்து அவர் கண்ணிமையில் ஃபோகஸ் செய்தேன், இமைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இது முக்கியம். கண்ணாடியில் கூர்மையாகத் தெரிந்தது. அசையாதீங்க என்றேன், அவரும் அசையவில்லை.

நெகட்டிவைக் கழுவிக் காயவைத்து ஸ்கேன் செய்து பார்த்தால், கண் மங்கல். மூக்கு இன்னும் மங்கல். காது பரவாயில்லை. பின்னால் நாட்காட்டியில் தேதிகள் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நிற்கின்றன. ஒரு பிரிண்ட் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஏம்பா, சுவர் நல்லா விழுந்திருக்கு" என்றார்.

யார் மேல் தப்பு

அடுத்த ஐந்து மாதம் நான் செய்தது என்னவென்று யோசித்தால், கேமராவைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். முதல் குற்றவாளி அப்பா, அசைந்திருப்பார். பாறை அசையாது, மனிதர் அசைவார், பாறை கூர்மையாக வருகிறது, மனிதர் மங்கலாக வருகிறார், வேறென்ன நிரூபணம் வேண்டும்? 19-ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் ஆட்கள் அசையாமலிருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புக் கவட்டை ஒன்றை வைத்து நிறுத்துவார்கள். என்னிடம் அது இல்லாததால் அப்பாவை நாற்காலியின் உயரமான முதுகில் தலையைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னேன். நாட்காட்டி முன்னைவிடக் கூர்மையாக வந்தது.

இரண்டாவது குற்றவாளி என் கண். லூப்பை மாற்றினேன், வேறு மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மூன்றாவது டிரைபாட், அதன் மேல் பை நிறையக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். நாலாவது ஹோல்டர். நாலுக்கு ஐந்து ஹோல்டரில் ஃபிலிம் அமரும் ஆழத்துக்கு ஒரு தர அளவு உண்டு, 0.197 அங்குலம், அதாவது 5 மி.மீ., கூடக்குறைய 0.18 மி.மீ.வரை போகலாம். என்னிடமிருந்த ஆறு ஹோல்டரையும் அளந்தேன், ஆறும் சரி. அப்படியானால் ஃபிலிமை மேல் தடத்தில் செருகுகிறேனோ? இருட்டில் ஒவ்வொரு தாளையும் போட்டபின் ஓரத்தை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன், அந்தத் தடவலில் நாலைந்து தாள்கள் கீறியதுதான் மிச்சம்.

அனுபவமுள்ள இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர், "அவசரப்படாதீங்க, இந்தக் கேமரா உங்களைச் சோதிக்கும், நீங்க நிதானமாகும்வரை கொடுக்காது" என்றார். இன்னொருவரும் ஏறக்குறைய அதே. எனக்கு அது பிடித்திருந்தது, அதுதான் விஷயமே. பிழை ஒரு பொருளில் இருக்கிறது என்பதைவிட என் குணத்தில் இருக்கிறது என்பது கேட்க எவ்வளவு ஆழமாக இருக்கிறது பாருங்கள். நான் இன்னும் மெதுவானேன். ஒரு படத்துக்கு முப்பது நிமிடம், நாற்பது நிமிடம். அப்பா நடுவில் ஒருமுறை தூங்கிவிட்டார். அந்தப் படத்திலும் சுவர்தான் நன்றாக விழுந்திருந்தது, தூங்குகிறவர் அசைந்தார் என்று சொல்லவும் வழியில்லை.

அந்தத் தூக்கம்தான் எனக்குள் ஏதோ ஒன்றைக் கிளறிவிட்டது. அதுவரை எடுத்த முகப்படங்களை எல்லாம் வரிசையாக மேஜையில் பரப்பினேன், பதினேழோ பதினெட்டோ இருக்கும். ஒன்றில்கூட ஃபோகஸ் முன்னால் விழவில்லை. மூக்கு கூர்மையாகி கண் மங்கிய படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பின்னால், அதுவும் ஏறக்குறைய ஒரு சாண் பின்னால். ஆள் அசைந்தால் முன்னாலும் வருவார், பின்னாலும் போவார். கை நடுங்கினாலும், கண் ஏமாந்தாலும் அப்படித்தான், இரண்டு பக்கமும் சிதறும். எப்போதும் ஒரே பக்கம், ஒரே தூரம் தவறுவது மனித வேலை இல்லை, ஏதோ ஒரு திடப்பொருளின் வேலை.

பதினோரு தீப்பெட்டி

ஃபிலிமை வீணடிக்க மனசில்லை, அதனால் போட்டோ பேப்பரை நாலுக்கு ஐந்தாக வெட்டி ஹோல்டரில் போட்டேன். புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்: பேப்பரில் பழகுங்கள். சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே ஹோல்டரில் போடலாம், கழுவலாம், இரண்டு நிமிடத்தில் தட்டில் நெகட்டிவ் எழும்பி வருவதைப் பார்க்கலாம். ஒளியை உணரும் வேகம் ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். கான்ட்ராஸ்ட் முரட்டுத்தனமாக இருக்கும், சிவப்பு நிறமெல்லாம் கறுப்பாகத் தெரியும், ஆனால் நம் தப்பு எங்கே என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் இதைச் செய்யாமல் நேராக ஃபிலிமுக்குப் போனதற்குக் காரணம் கௌரவம், வேறொன்றுமில்லை.

மேஜை மேல் பதினோரு தீப்பெட்டிகளை நிறுத்தினேன். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, ஒவ்வொன்றும் 2 செ.மீ. பின்னாலும் கொஞ்சம் பக்கவாட்டிலும் தள்ளி, படிக்கட்டு மாதிரி. ஒவ்வொன்றின் மேலும் பெரிதாக எண், 1 முதல் 11 வரை. ஆறாவது பெட்டி லென்ஸிலிருந்து சரியாக ஒரு மீட்டர். லூப்பை வைத்து ஆறின் மேல் ஃபோகஸ், எஃப்/5.6. ஒரு மீட்டருக்குக் கிட்டே வந்துவிட்டதால் துருத்தி 176 மி.மீ. வரை நீண்டிருந்தது, அதற்கு அரை ஸ்டாப், அதாவது சுமார் 1.4 மடங்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். இதுவே லென்ஸின் இரண்டு மடங்கு தூரத்துக்கு, 300 மி.மீ. வரை துருத்தி நீண்டால் நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். கேபிள் ரிலீஸை அழுத்திவிட்டு, இருட்டறைக்கு ஓடினேன். ஆம், ஓடினேன்.

தட்டில் எண்கள் வெள்ளையும் கறுப்பும் மாறி எழுந்து வந்தன. 6 மங்கல். 7 கொஞ்சம் பரவாயில்லை. 8 கச்சிதம். 9 அதற்கு ஈடாக. மறுபடி எடுத்தேன், மறுபடி 8. ஹோல்டரை மாற்றி எடுத்தேன், 8. ஹோல்டரைத் திருப்பி மறுபக்கத்தில் எடுத்தேன், அதே 8. ஒரு மீட்டரில் நாலரை செ.மீ. பின்னால். அப்பா உட்கார்ந்திருந்த இரண்டு மீட்டரில் அது ஒரு சாண் ஆகும் என்று பிறகு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். ஆக, கண்ணாடியில் நான் பார்க்கும் இடமும் ஃபிலிம் இருக்கும் இடமும் ஒன்றில்லை. ஹோல்டர் சரியான அளவு என்று ஏற்கெனவே அளந்தாயிற்று. மிச்சம் இருப்பது கண்ணாடி.

பின்சட்டத்திலிருந்து இரண்டு கவ்விகளைத் தளர்த்தி கிரவுண்ட் கிளாஸைக் கையில் எடுத்தேன். அளக்கலாம் என்று ஸ்கேலைத் தேடினேன், ஸ்கேலோடு பென்சிலும் கையில் வந்தது, கண்ணாடியில் நான் போட்ட கோடுகள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கண்ணாடியைத் திருப்பி, மறுபக்கத்தில், அதாவது இத்தனை நாள் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில், பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கீற்றுகூட விழவில்லை.

வழவழப்பான கண்ணாடியில் பென்சில் எழுதாது. சொரசொரப்பான பக்கத்தில்தான் எழுதும். படம் விழ வேண்டியதும் அந்தச் சொரசொரப்பின் மேல்தான், அது லென்ஸைப் பார்த்து உள்பக்கமாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஃபிலிம் இருக்கும் அதே இடத்தில் படம் விழும். என்னுடையது வெளிப்பக்கம் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ துடைப்பதற்காகக் கழற்றி, திருப்பி மாட்டியிருக்கிறார்கள். சொரசொரப்பு வெளியே இருந்தால்தான் அழுக்குப் போகத் துடைக்கலாம் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, கேமரா வந்த முதல் வாரத்திலேயே பென்சில் என்னிடம் சொன்னது, எனக்குக் காது கேட்கவில்லை. "பென்சில் அழகாகப் பிடிக்கிறது" என்று சந்தோஷப்பட்டேனே, அந்தச் சந்தோஷமே சாட்சி.

கண்ணாடியின் தடிமன் 2 மி.மீ. ஒளி கண்ணாடிக்குள் வளைந்து போவதால் முழு இரண்டும் கணக்கில் சேராது, சுமார் 1.3 மி.மீ. பிசகு. அவ்வளவுதான் ஏழு மாதத்தின் கனம். பாறையும் மரமும் ஏன் கூர்மையாக வந்தன என்பதற்கும் அதிலேயே விடை இருந்தது. 150 மி.மீ. லென்ஸில் எஃப்/5.6 என்பது 27 மி.மீ. அகலத் துளை, எஃப்/32 என்பது 5 மி.மீ.கூட இல்லாத சிறு துளை. சிறு துளை வழியாக வரும் ஒளி ஊசி மாதிரி மெல்லிய கூம்பாக வருவதால் 1.3 மி.மீ. தள்ளிப் பிடித்தாலும் புள்ளி அதிகம் விரியாது, 0.04 மி.மீ. தான், கண்ணுக்குத் தெரியாது. எஃப்/5.6-இல் அதே பிசகு ஆறு மடங்காக விரிந்துவிடும். எஃப்/32 என் தப்பை மூடி மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நல்ல நண்பன் மாதிரி, கெடுதல் செய்யும் நல்ல நண்பன்.

பொறுமை பற்றி, இன்னும் கொஞ்சம்

கண்ணாடியைத் திருப்பி மாட்டியது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு சில நாட்கள் எனக்குக் கோபம் அடங்கவில்லை, கண்ணாடி மேல் இல்லை, "நிதானமாகும்வரை கொடுக்காது" என்ற அந்த வாக்கியத்தின் மேல். இந்தக் கேமராக்களை ஒரு தியானப் பொருளாக நாம்தான் மாற்றி வைத்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. இதே நாலுக்கு ஐந்து ஃபிலிமைப் போட்டுக்கொண்டு ஒரு காலத்தில் பத்திரிகைக்காரர்கள் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு ஓடினார்கள். 1945-இல் ஐவோ ஜிமா தீவில் வீரர்கள் கொடியேற்றும் படத்தை ஜோ ரோசந்தால் எடுத்தது ஸ்பீட் கிராஃபிக் என்ற நாலுக்கு ஐந்து கேமராவில், கையில் பிடித்தபடி, வியூஃபைண்டரை ஒழுங்காகப் பார்க்கக்கூட நேரமில்லாமல். அந்தப் படத்தில் நிதானம் எங்கே இருக்கிறது?

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸின் கதையையும் எல்லோரும் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலா எழும்பும் அந்தப் புகழ்பெற்ற படம். நடந்ததைப் படித்தால் அது சுத்தமான பதற்றத்தின் கதை. காரில் போகும்போது காட்சியைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, எட்டுக்குப் பத்து கேமராவை அவசர அவசரமாக மாட்டினால் லைட் மீட்டரைக் காணோம். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு, எஃப்/32-இல் 1 வினாடி கொடுத்தார். பத்திரத்துக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று ஹோல்டரைத் திருப்புவதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. அவரைக் காப்பாற்றியது மெதுவாக இருந்தது இல்லை, ஒரு எண் தலைக்குள் இருந்தது, கை தானாக வேலை செய்தது, அதோடு, சொல்லவே வேண்டியதில்லை, அவருடைய கிரவுண்ட் கிளாஸ் சரியான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது யாராவது புதிதாகப் பழைய கேமரா வாங்கினேன் என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, பென்சில் இருக்கிறதா? பெரும்பாலும் விநோதமாகப் பார்ப்பார்கள். கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஃப்ரெனல் தட்டு, அதாவது ஓரங்களும் வெளிச்சமாகத் தெரிய உதவும் தட்டையான லென்ஸ், வைத்த கேமராக்களும் உண்டு, அவற்றில் அந்தத் தட்டின் தடிமனுக்கு ஏற்ப சட்டத்தை அமைத்திருப்பார்கள், வெளிச்சம் அதிகம் வேண்டுமென்று புதிதாக ஒன்றைச் செருகினாலோ இருந்ததைக் கழற்றினாலோ இதே கதைதான் நடக்கும். எதுவானாலும் தீப்பெட்டி சொல்லிவிடும். ஃபிலிம் வாங்குவதற்கு முன்னால் தீப்பெட்டி வாங்குங்கள்.

அப்பாவை மறுபடி உட்கார வைத்தேன். அதே நாற்காலி, அதே ஜன்னல், எஃப்/5.6, 1/15. இந்த முறை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, "அவ்வளவுதானா?" என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதத்தில் அவருக்கும் பழகிப்போயிருந்தது. இமைமுடி, கண்ணுக்குள் ஜன்னல், கன்னத்தில் காலையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன ஒரு திட்டு வெள்ளை முடி, எல்லாம் விழுந்திருந்தது. பிரிண்டைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தத் திட்டைச் சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேனே" என்றார்.

பென்சில் கோடுகளை அழிக்கவில்லை. இப்போது அவை உள்பக்கம் இருக்கின்றன, துணிக்குள் போனால் படத்தின் மேலேயே தெரிகின்றன. ஸ்கேல் வழுக்கி இடதுபக்கம் சாய்ந்த அந்த ஒரு கோடு மட்டும் இப்போது வலதுபக்கம் சாய்ந்திருக்கிறது.